டிராக்கில் காரை இறக்கும் முன் பாலிசியைப் பாருங்கள்

சொந்தக் காரிலேயே ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்க ஆசையா? முதலில் கார் இன்ஷூரன்ஸ் பாலிசியில் 'விலக்குகள்' பகுதியைப் படியுங்கள். பந்தயம், ராலி, வேகச் சோதனை ஆகியவற்றில் நேரும் சேதத்துக்குச் சாதாரண கார் இன்ஷூரன்ஸ் பொதுவாகப் பணம் தராது. "போட்டியே இல்லை, சும்மா பயிற்சிதான்" என்ற சமாதானமும் பல பாலிசிகளில் எடுபடாது. டிராக்கில் ஓட்டுவதையே மொத்தமாக விலக்கியிருப்பார்கள். சில நாடுகளில் டிராக்கில் ஓட்டும் அந்த ஒரு நாளுக்கென்றே தனி பாலிசி கிடைக்கிறது. அதுவும் பெரும்பாலும் உங்கள் காருக்கு மட்டும்தான். பக்கத்தில் ஓடிய காரை இடித்தால் செலவு உங்கள் தலையில்.

ரோல் கேஜ் (கார் கவிழ்ந்தால் உள்ளே இருப்பவரைக் காக்கும் உலோகக் கூண்டு) மாட்டினாலோ இன்ஜினை டியூன் செய்தாலோ நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள். மறைத்தால், பிறகு சாலையில் நடக்கும் சாதாரண விபத்துக்கான கிளெய்ம்கூட நிராகரிக்கப்படலாம். பதிலை எழுத்தில் வாங்குங்கள், போனில் வேண்டாம்.