கேஜன் அக்கார்டியனுக்கு மாறுகிறீர்களா? கை இடறும் இடங்கள் இவை

ஐரிஷ் பி/சி பெட்டியோ (பி, சி சுருதிகளில் இரண்டு வரிசைப் பொத்தான் கொண்டது) டெக்சாஸ்-மெக்சிகோ எல்லையின் டெக்ஸ்-மெக்ஸ் மூன்று வரிசைப் பெட்டியோ வாசித்துப் பழகியவர், அமெரிக்காவின் லூசியானாவில் பிரெஞ்சு வழிவந்த கேஜன் மக்களின் அக்கார்டியனை முதன்முதலாகக் கையில் எடுத்தால், "அட, இவ்வளவுதானா?" என்றுதான் தோன்றும். வலப்பக்கம் ஒரே வரிசையில் பத்துப் பொத்தான். இடப்பக்கம் இரண்டே இரண்டு. தலையில், ரீட் வரிசைகளைத் திறந்து மூட நான்கு குமிழ். இருபத்து மூன்று பொத்தானை ஆண்ட கைக்கு இது பொம்மை மாதிரி.

நானும் பி/சி-யிலிருந்து வந்தவன்தான். பழைய பெட்டியில் பாதியைப் பிடுங்கிவிட்டால் மிஞ்சுவது இது என்று நினைத்தேன். அந்த நினைப்பு கலைய நாலைந்து மாதம் ஆனது.

முதலில் அமைப்பைப் பார்த்துவிடலாம். பெரும்பாலான கேஜன் பெட்டிகள் சி சுருதியில் இருக்கும், நம் கணக்கில் ஒரு கட்டை. டி சுருதிப் பெட்டிகளும் உண்டு. துருத்தியை உள்ளே தள்ளினால் ச, க, ப மட்டும் வரும். வெளியே இழுத்தால் ரி, ம, த, நி வரும், கூடவே முதல் பொத்தானில் மட்டும் ஒரு ப. மவுத் ஆர்கன் ஊதியவருக்கு இது புரிந்துவிடும், அதே ஜெர்மானியக் குடும்பம். தாடைப் பக்கமிருந்து எண்ணினால் மூன்றாம் பொத்தானில் ச-வும் ரி-யும், நான்கில் க-வும் ம-வும், ஐந்தில் ப-வும் த-வும். ஆறில் முறை திரும்பிவிடும். இழுத்தால் நி, தள்ளினால் மேல் ச. த-விலிருந்து நி-க்குப் போகும்போது துருத்தி திசை மாறாது. இந்த ஒரு வளைவில் முதல் வாரம் எல்லோரும் முட்டிக்கொள்வார்கள்.

பி/சி-யிலோ இரண்டு வரிசை மெலோடியன் என்ற பொத்தான் பெட்டியிலோ ஒரே ஸ்வரம் இரண்டு இடத்தில் கிடைக்கும். துருத்தியைத் திருப்பாமல் பக்கத்து வரிசைக்குத் தாவி, சொற்றொடரை வழவழவென்று இழைக்கலாம். அந்தப் பழக்கத்தில் வந்தவர் இங்கே திசை மாற்றத்தை ஒரு குறையாகப் பார்த்து மறைக்கப் பார்ப்பார். துருத்தியை மெதுவாக, கெஞ்சிக் கெஞ்சித் திருப்புவார். பாட்டு நீரில் ஊறிய பஞ்சு மாதிரி ஆகிவிடும். கேஜன் இசையில் ஆட்டக்காரர்களின் காலைத் தூக்குவதே அந்த வெட்டுத்தான். தாளம் விரலில் இல்லை, இடது மணிக்கட்டில் இருக்கிறது. சி#/டி பெட்டி வாசித்தவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அவர்களுடைய டி வரிசை ஏற்கெனவே தள்ளு-இழு பழகியது.

அடுத்தது எட்டுச் சுரம், அதாவது ஆக்டேவ். ஐரிஷ்காரர் ஒற்றை ஸ்வரத்தில் உருட்டலும் மூவடுக்கும் போட்டு அழகு பார்ப்பார். அதே அலங்காரத்தைக் கேஜன் வால்ட்ஸில் தூவினால் பாயசத்தில் மிளகு போட்ட கதை. இங்கே முக்கிய அலங்காரம் ஒரே ஸ்வரத்தைக் கீழ் ஸ்தாயி, மேல் ஸ்தாயி இரண்டிலும் சேர்த்து அழுத்துவது. கேட்க எளிது. கையில்தான் வேடிக்கை. தள்ளும்போது எட்டுச் சுரத்துக்கு மூன்றும் ஆறும், நடுவில் இரண்டு பொத்தான். இழுக்கும்போது மூன்றும் ஏழும், நடுவில் மூன்று. அதாவது துருத்தி திரும்பும் ஒவ்வொரு முறையும் கை விரிந்து சுருங்க வேண்டும். ச-வுக்கு 3-6, ரி-க்கு 3-7, க-வுக்கு 4-7, ம-வுக்கு 4-8, ப-வுக்கு 5-8, த-வுக்கு 5-9. கவனித்தீர்களா? ஒரு நேரத்தில் ஒரு விரல்தான் நகர்கிறது, கம்பளிப்பூச்சி நடப்பது போல. இதைப் பாட்டாக எண்ணாமல், பத்து நாள் இந்த நடையை மட்டும் பழகினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பலர் கையை ஒரே அகலத்தில் விறைத்துக்கொண்டு, இழுக்கும்போதெல்லாம் தப்பு ஸ்வரம் வருகிறதே என்று பெட்டியைக் குறை சொல்வார்கள்.

சுருதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதுப் பெட்டியின் காந்தாரம் சற்று இறங்கி ஒலிப்பதைக் கேட்டு, பழுது என்று நினைத்து ட்யூனிங்குக்கு அனுப்பிவிட்டவர்கள் உண்டு. வேண்டாம். லூசியானாவில் கையால் செய்யப்படும் பல பெட்டிகளில் காந்தாரத்தைப் பியானோவின் சம இடைவெளிக் கணக்கைவிடக் கீழே வைக்கிறார்கள். முழுச் சுத்தமான காந்தாரம் பியானோவினுடையதைவிடச் சுமார் 14 சென்ட் தாழ்வு (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). தம்புராவின் மந்தர ஷட்ஜத்திலிருந்து தானே எழும் சுயம்பு காந்தாரம் நம் காதுக்குத் தெரிந்ததுதானே, அதே சங்கதி. நாலு ரீட் வரிசையும் திறந்து எட்டுச் சுரமாக அழுத்தும்போது அந்தப் பெட்டி கரகரக்காமல் மணி மாதிரி ஒலிக்கக் காரணம் இதுதான். பியானோக் கணக்குக்கு மாற்றினால் அந்த ஒலி போய்விடும்.

சி பெட்டியில் சி-யை மட்டுமே வாசிப்பது இன்னொரு முடக்கம். கேஜன் பாட்டுகளில் கணிசமானவை அதே பெட்டியில் ஜி-யை ஆதாரமாக வைத்து வாசிக்கப்படுகின்றன. கிரகபேதம் தெரிந்தவருக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம்: சங்கராபரணத்தின் பஞ்சமத்தை ஷட்ஜமாக்கினால் ஹரிகாம்போதி. எஃப்# கிடையாது, அதனால் நிஷாதம் கைசிகிதான். ப்ளூஸ் வாடை அடிப்பதில் அதற்குப் பெரும் பங்கு. இந்த நிலையில் வீடு இழுப்புப் பக்கம் இருப்பதால் துருத்தி விரிந்துகொண்டே போகும். ஸ்வரமில்லாமல் காற்றை மட்டும் விடும் காற்றுப் பொத்தானைப் பாட்டின் நடுவில், யாருக்கும் தெரியாமல், தள்ளும் ஸ்வரத்தோடு சேர்த்துத் தட்டப் பழக வேண்டும். முழுதும் விரிந்த பிறகு தேடினால் பாட்டு நின்றுவிடும்.

இடது கையில் இரண்டு பொத்தான். தள்ளினால் சி மந்தரமும் சி கார்டும், இழுத்தால் ஜி மந்தரமும் ஜி கார்டும். கித்தார் எஃப்-க்குப் போனால் உங்களிடம் எஃப் இல்லை. இருந்தாலும் பரவாயில்லை என்று ஜி-யை ஓங்கி அழுத்துவது தவறு. இடது கையே தேவையில்லை என்று அதை முடக்கிப் போடுவதும் தவறு. டெக்ஸ்-மெக்ஸ் பக்கமிருந்து வருகிறவர்கள் பலர் இரண்டாவது ரகம், அங்கே பஹோ செக்ஸ்டோ என்ற பன்னிரண்டு தந்திக் கித்தார் மந்தரத்தைப் பார்த்துக்கொள்ளும். இங்கே இடது கை மேளம் மாதிரி. மோதும் இடத்தில் விரலை எடுத்துவிட்டு, பொருந்தும் இடத்தில் குட்டையாகத் தட்டினால் போதும்.

பிடிப்பதும் மாறும். தோள் வார் பெரும்பாலும் இருக்காது. வலது கட்டைவிரல் ஒரு தோல் வளையத்துக்குள், பெட்டி மடியில். பெரிய பெட்டிக்காரர் வலது கையாலும் சேர்த்து இழுப்பார், இரண்டு நாளில் கட்டைவிரல் வலிக்கும்.

வாங்கும்போது டி-யா சி-யா என்று யோசிக்காமல் வாங்கிவிடுவதும் நடக்கிறது. சி பெட்டியோடு வாசிக்கும் பிடில்காரர்கள் தந்திகளை ஒரு முழு ஸ்வரம் இறக்கி எஃப், சி, ஜி, டி என்று வைத்துக்கொள்வார்கள். எல்லோரும் இறக்கி வைத்திருக்கும் இடத்தில் ஐரிஷ் பழக்கத்தில் வாங்கிய டி பெட்டியோடு போய் நின்றால் மொத்தக் கூட்டமும் சுருதி மாற்ற வேண்டும்.

கேட்காமல் வாசிப்பதுதான் எனக்குக் கோபம் வரும் தவறு. பாடங்களைப் பார்த்து விரலைக் கற்றுவிட்டு, ஒலியைக் காதில் ஏற்றாமலே மேடைக்கு வருகிறார்கள். 1928இல் ஜோ ஃபால்கனும் கிளியோமா ப்ரோவும் முதல் கேஜன் இசைத்தட்டைப் பதிந்தார்கள். அடுத்த ஆண்டே கிரியோல் (லூசியானாவின் பிரெஞ்சு பேசும் கறுப்பின மக்கள்) கலைஞர் அமெடே ஆர்டுவான், பிடில்காரர் டெனிஸ் மெக்கீயோடு பதிந்தார். முப்பதுகளில் தந்தி வாத்தியக் குழுக்கள் அக்கார்டியனை ஓரம் தள்ளின. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜெர்மானியப் பெட்டிகளின் வரத்தும் நின்றது. ஐரி லெஜூனும் நேதன் ஆப்ஷையரும் நாற்பதுகளின் கடைசியில் அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். லேக் சார்ல்ஸில் சிட்னி பிரவுன் உள்ளூரிலேயே பெட்டி செய்யத் தொடங்கினார். இவர்களில் ஆர்டுவானையும் லெஜூனையுமாவது ஒரு மாதம் காதில் போட்டுக்கொள்ளுங்கள். எவ்வளவு குறைவான ஸ்வரத்தில் எவ்வளவு அழுகிறார்கள் என்று தெரியும்.

கடைசியாக, கூட்டு வாசிப்பு. ஐரிஷ் கூட்டத்தில் பத்துப் பேர் ஒரே மெட்டை ஒரே நேரத்தில் வாசிக்கலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். லூசியானாவில் யூனிஸ் ஊரில் மார்க் சவாயின் கடையில் சனிக்கிழமை காலைகளில் நடக்கும் கூட்டம் போன்ற இடத்துக்குப் போனால் அந்தப் பழக்கத்தை வாசலிலேயே விட்டுவிடுங்கள். பாடகர் வாய் திறந்ததும் அக்கார்டியன் மெட்டை விட்டு இறங்க வேண்டும். அந்த இடத்தை நிரப்புவது பிடிலின் வேலை. பாட்டு முடிந்து ஒரு தலையசைப்பு வரும், அப்போது மெட்டை எடுங்கள். ஏற்கெனவே ஒருவர் அக்கார்டியன் வாசித்துக்கொண்டிருந்தால் உங்கள் பெட்டி மூடியபடி மடியிலேயே இருக்கட்டும், அவர் அழைக்கும் வரை.