அறுந்த வலையிலிருந்து தொடங்குங்கள்: ஊரில் ஒரு கடல் காப்புச் சங்கம் நடத்துவது எப்படி

எங்கள் ஊர் சேதுபாவாசத்திரத்துக்கும் மல்லிப்பட்டினத்துக்கும் நடுவில் இருக்கிறது. கல்லணைக் கால்வாயின் கடைமடை. காவிரித் தண்ணீர் முடிகிற இடத்தில் எங்கள் கடல் ஆரம்பிக்கிறது. ஆழமில்லாத பாக் விரிகுடா, அடியெல்லாம் கடல்தாழை என்கிற கடற்புல். நான் வலை கட்டுகிறவள், என் அம்மாவுக்கும் அதே தொழில். ஆறு வருடமாக எங்கள் ஊர்க் கடல் காப்புச் சங்கத்தின் பொருளாளராகவும் இருக்கிறேன். பக்கத்து ஊர்க்காரர்கள் "நாங்களும் தொடங்கணும், முதல்ல என்ன செய்யணும்?" என்று கேட்கிறார்கள். எங்களுக்கு எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று தெரிந்தவரை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சம்பவம். என் அண்ணன் திருக்கை வலை போடுகிறவர். ஒரு நாள் விடியற்காலையில் வலை இழுத்தபோது உள்ளே ஓர் ஆவுளியா செத்துக் கிடந்தது. நாங்கள் ஆவுளியா என்று சொல்வதைத்தான் எல்லோரும் கடல்பசு என்கிறார்கள். வழக்கு வரும் என்று பயந்து, வலையை அறுத்து அதைக் கடலிலேயே விட்டுவிட்டு வந்தார். நான்கு நாள் யாரிடமும் பேசவில்லை. ஐந்தாம் நாள் என்னிடம் மட்டும் சொன்னார்: "உசுரோட இருந்திருந்தாலும் வலையை அறுக்க மனசு வந்திருக்குமான்னு தெரியல தங்கச்சி. கடன்ல வாங்கின வலை."

எங்கள் சங்கம் இந்தப் பேச்சிலிருந்துதான் பிறந்தது. ஆவுளியாவைக் காப்பாற்ற வேண்டும் என்பது கடலுக்குப் போகிறவனுக்குத் தெரியும். தாய் 13 மாதத்துக்கு மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும், அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு வருடம் ஆகும். இதைச் சொன்னால் எந்த மீனவரும் தலையாட்டுவார். ஆனால் கத்தியை எடுக்கும் நேரத்தில் அவர் கண் முன்னால் நிற்பது வலையின் விலை. அந்த விலையை ஊர் ஏற்றுக்கொள்ளாத வரை, சங்கம் எத்தனை பலகை வைத்தாலும் பிரயோசனமில்லை.

முதல் வருடம் நாங்களும் பலகைதான் வைத்தோம். ஒரு நிறுவனம் பணம் தந்தது. பேனர், டீ-ஷர்ட், பேரணி என்று செலவழித்தோம். அந்த வருடம் முழுக்க பலகையில் எழுதியிருந்த எங்கள் போன் எண்ணுக்குக் கடலிலிருந்து ஒரு அழைப்புகூட வரவில்லை. அந்தப் பணத்தில் எத்தனை கிலோ நைலான் நூல் வாங்கியிருக்கலாம் என்று இன்றும் வருத்தப்படுகிறேன்.

வலைக் கணக்கு

ஆகவே முதல் வேலை, வலைக்கு ஒரு நிதி. நாங்கள் 32 பேர் மாதம் 50 ரூபாய் போடுகிறோம். விதி இதுதான்: கடல்பசுவையோ ஆமையையோ உயிரோடு விடுவதற்காக யார் வலையை அறுத்தாலும், மூன்றாம் நாளுக்குள் அந்த வலை கட்டி முடிந்து அவர் படகுக்குப் போய்விட வேண்டும். கட்ட முடியாத அளவுக்குப் போயிருந்தால், வேலை முடியும் வரை சங்கத்தின் இரவல் வலை. இரண்டு இரவல் வலை எப்போதும் தயாராக இருக்கும்.

பணமாகக் கொடுக்காதீர்கள். பணம் என்று வந்தால் "பழைய வலையை அறுத்துக் காசு வாங்கிட்டான்" என்ற பேச்சு ஒரு வாரத்தில் கிளம்பும், உண்மையாக அறுத்தவருக்கும் கெட்ட பெயர் வரும். நூலும் உழைப்பும் மட்டும் கொடுங்கள். அறுக்கும்போது போனில் எடுத்த வீடியோ இருந்தால் போதும். போன் இல்லாவிட்டால் பக்கத்துப் படகுக்காரர் சாட்சி.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். தேதி, படகு, எந்த வலை, எத்தனை கண்ணி போனது, எவ்வளவு நூல் செலவானது, யார் கட்டியது எல்லாவற்றையும் எழுதி, கடைசியில் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். வலை கட்டுகிற பெண்களுக்கு அன்றன்றே கூலி கொடுத்துவிடுங்கள். சேவை என்று சொல்லி அவர்கள் உழைப்பை இலவசமாக வாங்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுத்ததே இல்லை.

யாரைச் சேர்ப்பது

ஊர்ப் பஞ்சாயத்து, ஜமாத், கோவில் கமிட்டி மூன்றிலும் முதலில் சொல்லிவிடுங்கள். அவர்கள் தலையிட வேண்டியதில்லை, ஆனால் தெரியாமல் நடந்தது என்று ஆகிவிடக் கூடாது. எங்கள் பக்கம் விசைப்படகு போகிற நாள் வேறு, நாட்டுப்படகு போகிற நாள் வேறு. அதனால் ஒரே கூட்டம் போட்டால் பாதிப் பேர் கடலில் இருப்பார்கள். இரண்டு கூட்டம் போடுங்கள். நாட்டுப்படகுக்காரர்களுக்கு மட்டும் சங்கம் என்று ஆகிவிட்டால் அது சண்டைக்கான சங்கமாகிவிடும். விசைப்படகுத் தொழிலாளிகளை அழைக்க ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான தடைக்காலம் தோதானது. அந்த 61 நாளும் அவர்கள் கரையில்தான் இருப்பார்கள், அவர்கள் வலையும் கரையில் இருக்கும். கூடவே ஏலக் கூடத்து வியாபாரி ஒருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். கடல் அட்டையும் கடல் குதிரையும் யார் கைக்குப் போகிறது என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். இரண்டையும் பிடிக்கவோ விற்கவோ கூடாது என்பது சட்டம்.

பதிவு செய்வது பெரிய வேலை இல்லை. 1975-ம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது 7 பேர் வேண்டும். சங்க விதிமுறைகளை எழுதி, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். வருடம் ஒரு பொதுக்குழு கூட்டி, கணக்கைத் தணிக்கை செய்து தாக்கல் செய்ய வேண்டும். இதைத் தவறவிடுகிற சங்கங்கள்தான் அதிகம், காலண்டரில் இப்போதே குறித்து வையுங்கள். வங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்து இருக்கட்டும். வெளிநாட்டிலிருந்து யாராவது பணம் அனுப்புகிறேன் என்றால், எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்காதீர்கள், உறவுக்காரர் மூலமாகச் சுற்றி வந்தாலும் வேண்டாம்.

அப்புறம் வனத்துறை. கடல்பசுவும் கடலாமையும் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசு பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. எங்கள் மீன்பிடி இடம் அதற்குள்தான் வருகிறது. அறிவிப்பு வந்ததும் "இனிமே தொழிலே பார்க்க முடியாதாம்" என்று ஊரில் வதந்தி. நாங்கள் பதில் சொல்லப் போகவில்லை. வனச்சரகரை ஊருக்கு வரவழைத்து எல்லோர் முன்னாலும் அவரையே சொல்ல வைத்தோம். வலையில் மாட்டினால் வழக்கு உண்டா இல்லையா என்பதற்கும் அப்படியே செய்யுங்கள். அதிகாரி சொல்ல வேண்டிய வாக்குறுதியை நீங்கள் கொடுக்காதீர்கள்.

கடலில் செய்ய வேண்டியது

படகுக்கு ஒரு வளைந்த கத்தி கொடுங்கள். வளைவின் உள்பக்கம் மட்டும் வெட்ட வேண்டும், நுனி மழுங்கலாக இருக்க வேண்டும். நேர்க்கத்தியால் ஒரு துடுப்பு கிழிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஆவுளியா மீன் இல்லை. நம்மைப் போல மேலே வந்துதான் மூச்சு வாங்கும். வலை கீழே பிடித்துக்கொண்டால் சில நிமிடங்களில் செத்துவிடும். ஆகவே முதலில் மூக்கைத் தண்ணீருக்கு மேலே கொண்டுவர வேண்டும், மற்றதெல்லாம் பிறகு. ஒருவர் மிதவைக் கயிற்றைத் தூக்கிப் பிடிக்கட்டும், இன்னொருவர் தலைப்பக்கத்திலிருந்து அறுக்கட்டும். வாலில் கயிறு கட்டி இழுக்காதீர்கள். படகில் ஏற்றாதீர்கள், கரைக்கும் கொண்டுவராதீர்கள். தண்ணீருக்கு வெளியே அதன் உடல் பாரமே அதை அமுக்கும். கரைவலையில் மாட்டினால் வலையை முழுசாக இழுக்காமல் இடுப்பளவு தண்ணீரிலேயே நிறுத்தி, அங்கேயே திறந்துவிடுங்கள். குட்டி இருந்தால் தாயையும் குட்டியையும் ஒரே நேரத்தில், ஒரே பக்கமாக விடுங்கள். இஞ்சின் அணைந்திருக்க வேண்டும்.

ஆமை விஷயத்தில் எல்லோரும் செய்கிற தவறு ஒன்று உண்டு. அசையாமல் கிடந்தால் செத்துவிட்டது என்று கடலில் தூக்கிப் போடுவது. அது மயங்கித்தான் இருக்கும், போட்டால் மூழ்கித்தான் சாகும். வயிறு கீழே இருக்கும்படி வைத்து, பின்பக்கத்தை ஒரு சாண் உயர்த்துங்கள். நுரையீரலில் போன தண்ணீர் வடியும். நிழலில் வைத்து மேலே ஈரச்சாக்கு போடுங்கள், மூக்கை மட்டும் மூடாதீர்கள். சிலது நான்கு மணி நேரத்தில் தலை தூக்கும், சிலதுக்கு ஒரு நாள்கூட ஆகும். தெளிந்ததும் இஞ்சினைக் கியரிலிருந்து எடுத்துவிட்டு, மெதுவாகத் தண்ணீரில் இறக்குங்கள். என் அண்ணன் இப்படி எழுப்பிய முதல் பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி என்கிற கடலாமை) சாயங்காலம் வரைக்கும் படகில் கிடந்தது. கண் திறந்தபோது எனக்குப் போன் போட்டு, ஒன்றும் பேசாமல் அழுதார்.

செத்துக் கரை ஒதுங்கியதைப் பார்த்தால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். நீளம், இடம், நேரம், உடம்பில் கயிற்றுத் தடம் உண்டா என்பதை நோட்டில் எழுதுங்கள். கடலில் ஆள் ஆபத்தில் என்றால் கடலோரக் காவல்படை எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும எண் 1093. இரண்டையும் படகின் உள்பக்கத்திலேயே பெயிண்டால் எழுதிவிடுங்கள்.

நாகை, தரங்கம்பாடி, கூழையார் பக்கத்து மணல் கரைக்காரர்களுக்கு இன்னொரு வேலை உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை முட்டையிட ஏறும், ஒரு குழியில் நூற்றுக்கு மேல் இருக்கும். வனத்துறை அனுமதி இல்லாமல் குழியைத் தோண்டாதீர்கள். முட்டையைப் புரட்டினால் கரு கெட்டுவிடும். கரையில் எரிகிற வெள்ளை விளக்குகளை அணைக்கச் சொல்லுங்கள், குஞ்சு வெளிச்சத்தைப் பார்த்து நிலத்துப் பக்கம் போய்விடும். எங்கள் கரை சேறு, ஆமை ஏறுவது அபூர்வம்.

தாழை

கடல்தாழை இருந்தால்தான் ஆவுளியா. ஒரு நாளைக்கு 30, 40 கிலோ வரை மேயும். நண்டும் இறாலும் குஞ்சு வளர்ப்பதும் அங்கேதான், அதனால் இது நம் சோற்று விஷயமும்கூட. எங்கே தாழை இருக்கிறது என்று பெரியவர்களுக்குத் தெரியும். ஆவுளியா மேய்ந்த இடம் அடியில் நீளத் தடமாகத் தெரியும், நண்டு வலைக்காரர்கள் அதைப் பார்த்திருப்பார்கள். ஒரு சித்தப்பாவைப் படகில் உட்கார வைத்து, போன் ஜி.பி.எஸ்ஸில் ஒவ்வொரு இடமாகக் குறித்தோம். பிறகு அந்த இடங்களில் நங்கூரம் போடுவதில்லை என்று எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. அபராதம் கிடையாது, பெயரைக் கூட்டத்தில் சொல்வோம், அவ்வளவுதான். இதுவரை இரண்டு முறைதான் சொல்ல நேர்ந்தது.

தாழைமேல் சிக்கிக் கிடக்கும் பழைய தங்கூசி (ஒற்றை இழை நைலான்) வலையை இழுக்காதீர்கள், தாழை வேரோடு வரும். அதைச் சுற்றிக் கையால் அறுத்து, துண்டு துண்டாக எடுக்க வேண்டும். ஜூனில் மேட்டூர் திறந்து, கடைமடைக்குத் தண்ணீர் வந்ததும் வாய்க்கால் முகத்தில் ஆகாயத்தாமரையோடு பிளாஸ்டிக்கும் சேர்ந்து வரும். கடலுக்குள் போன பிறகு பொறுக்குவதைவிட முகத்துவாரத்தில் குறுக்கே ஒரு பழைய வலையைக் கட்டிப் பிடிப்பது எளிது. அதைத் தினமும் ஆள் போய்ப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அதில் ஆமை மாட்டும். ஆள் இல்லையென்றால் கட்டாதீர்கள்.

இன்றைக்கே தொடங்க நினைத்தால் ஏழு பேர், ஒரு நோட்டு, ஐந்து கிலோ நூல், ஒரு டஜன் வலை ஊசி போதும். எண்ணை எழுதி ஏலக் கூடத்தில் ஒட்டுங்கள். அந்தப் போனை விடியற்காலை மூன்று மணிக்கும் எடுக்கக்கூடிய ஒருவரிடம் கொடுங்கள். எங்கள் ஊரில் அது என் தலைமாட்டில்தான் இருக்கிறது.