புனைபெயர்ல வந்த சஸ்பென்ஸ் நாவல எப்படி படிக்கிறது

கையில அப்படி ஒரு நாவல் கிடைச்சதும் போன எடுத்து இவரு நிஜமா யாருன்னு தேடாதீங்க, ப்ளீஸ். பேரு மட்டும் தனியா வராது, அதே பக்கத்துல கொலைகாரன் யாருன்னு எவனாவது எழுதி வச்சிருப்பான், அப்புறம் அந்தப் புக்க எதுக்கு படிக்கணும். ஆளத் தேடுற வேலை கடைசிப் பக்கத்துக்கு அப்புறம்தான்.

ரங்கூன்ல இருக்கிற நமக்கு புனைபெயர் புதுசில்ல, பர்மிய எழுத்தாளருங்க நிறைய பேரு அப்படித்தான் எழுதுறாங்க, நம்ம பிள்ளைங்களும் வீட்டுல தமிழ் பேசிட்டு வாசிக்கிறது பர்மியத்துலதானே. அங்க பேருக்கு முன்னாடி பத்திரிகை பேரோ ஊர் பேரோ ஒட்டிக்கிட்டு வரும், லூடு பத்திரிகை நடத்துன டோ அமா, லூடு டோ அமா ஆன மாதிரி. பான்சோடான் ரோட்டு பழைய புக் கடைல எடுக்கும்போது அத பார்த்தா எழுதுனவரு எந்த வட்டாரம்னு கொஞ்சம் பிடிபடும், அது போதும்.

அதவிட முக்கியம் அச்சடிச்ச வருஷம். 2012 ஆகஸ்ட் வரைக்கும் இங்க சென்சார் பார்த்துதான் புக் வெளிய வரும், அச்சான பக்கத்த கிழிக்க வச்சதும் மை பூச வச்சதும் உண்டு. அதனால பழைய நாவல்ல ஒரு காட்சி பாதியில அறுந்து போச்சுன்னா ஆசிரியர் துப்ப மறைக்கிறாருன்னு உடனே முடிவு பண்ணிடாதீங்க, பக்க நம்பர் சரியா ஓடுதான்னு முதல்ல பாருங்க.

இப்ப படிக்க ஆரம்பிங்க, ஒரு துண்டுப் பேப்பர் பக்கத்துல இருக்கட்டும். பர்மியப் பேருல குடும்பப் பேரே கிடையாது, அப்பா மகன் அண்ணன் தங்கச்சி யாருன்னு பேர வச்சு கண்டுபிடிக்கவே முடியாது, சஸ்பென்ஸ் எழுதுறவருக்கு இத விட வசதி வேற என்ன வேணும் சொல்லுங்க. அதனால பேரோட சேர்த்து யாரு யார ஊன்னு (பெரியவர மரியாதையா கூப்பிடுறது) கூப்பிடுறாங்க, யாரு கோன்னு (கிட்டத்தட்ட நம்ம வயசு ஆம்பளைய கூப்பிடுறது) கூப்பிடுறாங்கன்னு குறிச்சு வைங்க. நடுவுல ஒருத்தர் கூப்பிடுற விதம் மாறுச்சுன்னா அங்க நின்னு நாலு பக்கம் திரும்பிப் போய் படிங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடமே அதுதான்.

எங்க ஆரம்பிக்கிறதுன்னு கேட்டா பர்மிய எழுத்தாளர் ஷ்வே ஊ டவுங். அதுவும் புனைபெயர்தான். ஷெர்லக் ஹோம்ஸ் கதைங்கள எடுத்து துப்பறியும் மௌங் சான் ஷான்னு பர்மா ஆளாவே மாத்திட்டாரு. ஹோம்ஸ் ஏற்கனவே படிச்சவங்க முடிவ விட்டுட்டு, லண்டன் விஷயத்த இந்த ஊருக்கு எப்படிப் பொருத்துனாருன்னு பார்த்துப் படிங்க.

முடிச்சாச்சா, இப்ப தேடுங்க. சுஜாதா நிஜத்துல ரங்கராஜன், பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ்ல இன்ஜினியர், மனைவி பேருல எழுதுனவர், இது தெரிஞ்சப்புறம் அவர் கதையில மிஷின் வர்ற இடமெல்லாம் இன்னொரு தடவ படிக்கத் தோணும். 2013ல ராபர்ட் கால்பிரெய்த்ங்கிற பேருல எழுதுனது ஜே.கே. ரௌலிங்தான்னு வெளிய வந்தப்போ, ஆராய்ச்சிக்காரங்க பெரிய பெரிய வார்த்தைய விட அடிக்கடி வர்ற சின்ன வார்த்தைங்களயும் வார்த்தை நீளத்தயும்தான் கம்ப்யூட்டர்ல ஒப்பிட்டாங்க. நீங்களும் அதே ஆளு வேற பேருல எழுதுன புக் கிடைச்சா ரெண்டுலயும் பத்து பத்து பக்கம் எடுத்து, வாக்கியத்த எப்படி முடிக்கிறாரு, அத்தியாயத்த எந்த இடத்துல வெட்டுறாருன்னு பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க.