நின்றுபோன பத்மினியை ஓடவைத்த அனுபவம்

பிரீமியர் பத்மினி என்ற பழைய காரை வாங்க முனைந்தபோது எனக்கு இரண்டு வண்டிகள் கிடைத்தன. ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, மற்றொன்று எட்டு ஆண்டுகளாகக் கொட்டகையில் நின்றது, விலை பாதிதான். இரண்டாவதையே வாங்கினேன்.

1,089 சிசி என்ஜின் எளிமையானது, அதைச் சரிசெய்தால் போதும் என்று எண்ணியிருந்தேன். ஆனால் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதியை ஸ்குரூடிரைவரால் அழுத்தியபோது, மேலே பூசியிருந்த பட்டியும் (புட்டி) பெயிண்டும் பொருக்காக உதிர்ந்து, அதன் முனை உள்ளே இறங்கிவிட்டது. இந்தக் காருக்குத் தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. பாடியே எடையைத் தாங்குவதால், அங்கே பிடிக்கும் துரு வண்டியின் உறுதியையே குலைக்கும்.

ஆகவே, பாடி வளைந்துவிடாதபடி கதவுகளைக் கழற்றாமல், அடியில் நான்கு இடங்களில் முட்டுக் கொடுத்து, ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தை வெட்டும்படி பாடி வேலை செய்யும் டிங்கரிடம் சொன்னேன். ஒவ்வொரு வெல்டிங்குக்குப் பின்னும் கதவின் இடைவெளி மாறியிருக்கிறதா என்று பார்த்தோம். பெட்ரோல் டேங்கைக் கழுவி, பிரேக்கின் இறுகிப்போன வீல் சிலிண்டர்களை மாற்றிய பிறகுதான் என்ஜினைத் தொட்டோம். பதினான்கு மாதங்கள் ஆயின. மொத்தச் செலவு அந்த ஓடும் வண்டியின் விலையைத் தாண்டியது.

நம்பிக்கையான டிங்கர் அருகில் இல்லாதவர்கள், அடிப்பாகம் திடமாக உள்ள ஓடும் வண்டியையே கூடுதல் விலை கொடுத்தாவது வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எதை வாங்கினாலும், ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) உள்ள என்ஜின், சேசிஸ் எண்களை வண்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 15 ஆண்டுகளுக்குப் பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். என் வண்டியில் அதுவும் விடுபட்டிருந்தது.