கிணற்றில் தண்ணீர் இருந்தும் மோட்டார் ஏற்றவில்லை

திருவான்மியூரில் எங்கள் வீட்டுப் பின்புறம் ஒரு பழைய உறைக்கிணறு. குடிநீர் தனி, இது தென்னைக்கும் வாழைக்கும் மட்டும். போன சித்திரையில் மோட்டார் ஓடியது, குழாயில் காற்றுதான் வந்தது. கிணறு வற்றிவிட்டது, போர் போடுங்கள் என்றார்கள்.

கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கிப் பார்த்தேன். 17 அடியில் தண்ணீர். மேலே உட்கார்ந்திருக்கும் மோட்டார் 22, 23 அடி வரை உறிஞ்சும். ஆக, குறை கிணற்றில் இல்லை.

இரவு குழாயில் தண்ணீர் ஊற்றி நிரப்பினேன். காலையில் பார்த்தால் காலி! குழாயின் அடிமுனையில் தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வு ஒழுகுகிறது என்று புரிந்தது. குழாயை மேலே இழுத்தோம் (மச்சான் இல்லாவிட்டால் நடந்திருக்காது). வால்வின் மூடிக்கு அடியில் தேங்காய் நார் சிக்கியிருந்தது. அதை எடுத்துவிட்டு வாஷரையும் மாற்றினேன். தண்ணீர் வந்தது, ஆனால் விட்டு விட்டு.

அப்புறம் மோட்டாரை ஓடவிட்டு, உறிஞ்சும் குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவினேன். ஓரிடத்தில் நுரை உள்ளே இழுபட்டது. காற்று வாங்கியது அங்கேதான். கழற்றி டெஃப்லான் டேப் சுற்றி இறுக்கியதும் சரியானது.

இப்போது ஃபுட் வால்வு கிணற்றின் அடித்தரையிலிருந்து 2 அடி உயரத்தில் இருக்கிறது, மணல் ஏறுவதில்லை. கடல் பக்கம் என்பதால் ஒரேயடியாக இறைப்பதும் இல்லை. அதிகம் இறைத்தால் அடியிலிருக்கும் உப்புநீர் மேலே வந்துவிடும். காலை அரை மணி, மாலை அரை மணி. வாழை குலை தள்ளியிருக்கிறது.