குரூப் ரைடு போறீங்களா, முதல்ல இடைவெளிய கத்துக்கோங்க

ஒரு குரூப்புக்கு 5லருந்து 7 பைக் போதும், அதுக்கு மேல வந்தா ரெண்டா பிரிச்சிடுங்க. நேர் ரோட்டுல லீடர் லேனோட ஒரு பக்கம்னா அடுத்தவர் மறுபக்கம், இப்படி மாத்தி மாத்தி போகணும், குறுக்கால முன்னாடி இருக்கிறவருக்கு 1 செகண்ட், நேரா முன்னாடி இருக்கிறவருக்கு 2 செகண்டாவது இடைவெளி வேணும். நேரா முன்னாடி போறவரோட பின் வீல் ஒரு கம்பத்த தாண்டினதும் மனசுக்குள்ள "ஆயிரத்து ஒண்ணு, ஆயிரத்து ரெண்டு"ன்னு எண்ணுங்க, சொல்லி முடிக்கிறதுக்குள்ள நீங்க அந்த கம்பத்துக்கு வந்துட்டா ரொம்ப ஒட்டிட்டீங்கன்னு அர்த்தம். வளைவுலயும் மழையிலயும் ஒத்த வரிசை தான்.

புதுசா வர்றவர லீடருக்கு அடுத்து விடுங்க, கடைசில விட்டுறாதீங்க ப்ளீஸ், வால்ல இருக்கிறவர் முன்னாடி போறவங்கள பிடிக்க அடிக்கடி ஆக்சிலேட்டர கூடுதலா முறுக்க வேண்டி வரும், அது அனுபவசாலியோட இடம்.

பைக்குல அப்கிரேடு பண்றதுன்னா என்னோட ஓட்டு எக்ஸாஸ்டுக்கு (சைலன்சருக்கு) முன்னாடி நல்ல டயருக்கும் பிரேக் பேடுக்கும் தான். புது டயர் மேல் பக்கம் வழுக்கும், முதல் 150 கிலோமீட்டர் வரைக்கும் ரொம்ப சாய்க்காம நிதானமா ஓட்டுங்க. காத்து எப்பவும் டயர் சூடாகுறதுக்கு முன்னாடியே செக் பண்ணிடுங்க.