கேத்தி பள்ளத்தாக்கில் மழை எவ்வளவு மண்ணை அள்ளிப் போகிறது? கணினியில் கணக்கிடும் முறை

ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவே இருக்கும் கேத்தி பள்ளத்தாக்கையே எடுத்துக்கொள்வோம். சரிவெல்லாம் தேயிலை, கேரட், உருளைக்கிழங்கு. கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருள் போதும்.

1. எல்லை (பள்ளத்தாக்குக்கு நீர் வந்து சேரும் பரப்பு)

எஸ்ஆர்டிஎம் 30 மீட்டர் உயரத் தரவை (விண்வெளியிலிருந்து ரேடாரால் அளந்தது; நிலத்தை 30 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் உயரத்தையும் தரும்) இறக்கி, மீட்டரில் அளக்கும் யுடிஎம் ஆயமுறையின் 43 வடக்கு மண்டலத்துக்கு மாற்றுங்கள். பாகையிலேயே விட்டுவிட்டால் பின்னால் சரிவுக் கணக்கு சொதப்பும். அப்புறம் கியூஜிஐஎஸ்ஸுக்குள் இருந்தே ஓட்டக்கூடிய கிராஸ் கருவிகளில் ஆர்.வாட்டர்ஷெட்டை ஓட்டுங்கள். எந்தக் கட்டத்தில் எவ்வளவு நீர் திரள்கிறது, எந்தத் திசையில் ஓடுகிறது என்று காட்டும். மைனஸ் எண் வந்தால் பயப்பட வேண்டாம். படத்துக்கு வெளியிலிருந்தும் நீர் வரக்கூடும் என்று அர்த்தம். ஓடையில் அப்படி வந்தால் இன்னும் பெரிய பரப்பை இறக்குங்கள்.

அடுத்தது ஆர்.வாட்டர்.அவுட்லெட். நீர் வெளியேறும் புள்ளியைக் கேட்கும். பலரும் தடுமாறுவது இங்கேதான். ஓடையிலிருந்து ஒரே ஒரு கட்டம் தள்ளிச் சொடுக்கினாலும் பள்ளத்தாக்குக்குப் பதிலாகத் துண்டு நிலம்தான் வரும். நன்றாகப் பெரிதாக்கி, திரள் எண் அதிகமுள்ள கட்டத்தின் மேலேயே வையுங்கள்.

2. ஓடுநீர்

மழையில் மண்ணுக்குள் இறங்காமல் மேலே ஓடிவிடும் நீர் இது. இதற்கு வளைவு எண் முறை. எண் கூடினால் ஓடும் நீரும் கூடும். மண்ணையும் நிலப் பயன்பாட்டையும் பார்த்து அட்டவணையிலிருந்து எண்ணை எடுக்க வேண்டும்.

தேக்கம் = (25400 ÷ வளைவு எண்) − 254
ஓடுநீர் = (மழை − 0.2 × தேக்கம்)² ÷ (மழை + 0.8 × தேக்கம்)

தேக்கம் என்பது மண் பிடித்து வைக்கக்கூடிய நீர். வளைவு எண் தவிர எல்லாம் மில்லிமீட்டரில். மழை 0.2 × தேக்கத்தைத் தாண்டாவிட்டால் ஓடுநீர் பூஜ்யம். 100 மி.மீ. மழை என்று வையுங்கள். சுமாரான காட்டுக்கு (எண் 60) 18.6 மி.மீ. ஓடும். அதே மண்ணில் நேர்வரிசைப் பயிர், பராமரிப்பும் மோசம் (எண் 81) என்றால் 52.5 மி.மீ. ஒரு ஹெக்டேருக்கு 5.25 லட்சம் லிட்டர்!

3. மண் இழப்பு

மழையின் அரிப்புத் திறன், மண்ணின் தன்மை, சரிவின் நீளமும் செங்குத்தும், பயிர் மூடாக்கு, பாதுகாப்பு முறை: ஐந்தையும் கட்டம் கட்டமாகப் பெருக்கினால் ஆண்டுக்கு ஹெக்டேருக்கு இத்தனை டன் என்று விடை வரும். சரிவுக் காரணியை ஆர்.வாட்டர்ஷெட்டே தரும். மண் காரணியை அமெரிக்க அட்டவணையிலிருந்து எடுத்தால் 0.1317ஆல் பெருக்கி மெட்ரிக்குக்கு மாற்றுங்கள். இதை விட்டால் விடை ஏழரை மடங்கு எகிறும்.

சரி, வந்த எண்ணை நம்பலாமா? இந்தச் சூத்திரம் அளவுகோலாக வைத்திருக்கும் சோதனைப் பாத்தி 22.1 மீட்டர் நீளம், 9 சதவீதச் சரிவு கொண்டது. நீலகிரியின் செங்குத்துச் சரிவு அதற்கு ரொம்பத் தூரம். நிலச்சரிவும் ஓடைக்கரை அரிப்பும் இதில் சேராது. அதனால் டன் கணக்கைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து கீழாகப் பாத்தி போட்டால் பாதுகாப்புக் காரணி 1. குறுக்கே போட்டால் குறையும். இரண்டையும் ஓட்டிக் கழித்துப் பார்த்தால், எந்தச் சரிவில் முதலில் கை வைக்க வேண்டும் என்று வரைபடமே காட்டிவிடும்.